அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

திருவண்ணாமலை,
பிப்ரவரி 9

அன்பு மச்சான் செழியனுக்கு,

ஆட்டோ ஸ்டாண்டுலேர்ந்து மாமா வேடியப்பன் எழுதுறது. நானும் உங்க அக்காவும் நல்லா இருக்கோம். நீ மெலிஞ்சுட்டியாம், உங்க அக்கா சொல்லிக்கினு திரியறா. போட்டோவுல பாத்தேன். மெலிஞ்சது தலைமுடி மட்டுந்தான்.

போன் இருக்கும்போது கடுதாசி எதுக்குனு கேப்ப. போன் பண்ணா "மீட்டிங்ல இருக்கேன் மாமா"னு வெச்சுடுற. எம்.எல்.ஏ.வோட உதவியாளனுக்கே இவ்ளோ மீட்டிங்னா அந்த மனுசன் எப்ப சாப்புடுவாரு? கடுதாசின்னா பாதியில கட் பண்ண முடியாது பாரு. முழுசா படிச்சுத்தான் தீரணும்.

இங்க சீசன். ஆசிரமத்துப் பக்கம் ரூம் ஒண்ணும் காலி இல்ல. உங்க அக்கா வேலை பாக்குற கெஸ்ட் ஹவுஸ்ல வெள்ளைக்காரங்க நிரம்பிட்டாங்க. நேத்து ஒரு அம்மா என் ஆட்டோவுல ஏறி வாயைத் தொறக்காம ஒரு சீட்டை நீட்டுச்சு. பத்து நாள் மௌன விரதமாம். எனக்கு உங்க அக்கா ஞாபகம் வந்து, இவளுக்கும் ஒரு பத்து நாள் கிடைக்குமானு கேக்கலாம்னு பாத்தேன்.

உன் மருமக இனியா சேதி கேளு. போன வாரம் ஸ்கூலுக்கு ஆபீசருங்க வந்து, எட்டாவது பசங்களைக் கூப்பிட்டு ரெண்டாங் கிளாஸ் புக்கைப் படிக்கச் சொன்னாங்களாம். இவ ரெண்டு வரி படிச்சாளாம், அப்புறம் நின்னுட்டாளாம். வீட்டுக்கு வந்து அவளே சொன்னா. நான் சொன்னேன், "நீ எட்டாவது, நான் நாலாவது. கூட்டினா பன்னெண்டு. வீட்டுக்கு ஒரு ப்ளஸ் டூ ஆச்சு. ஆனா ரெண்டு பேரும் சேந்தும் ரெண்டாவது புக்கைத் தாண்ட முடியலையேடி"ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. என் முதுகுலயும் ஒண்ணு வெச்சா.

அவளைச் சொல்லியும் குத்தமில்ல. எட்டு கிளாஸுக்கு மூணு டீச்சர். சயின்ஸ் டீச்சர் போயி ரெண்டு வருசம் ஆவுது, யாரும் வரல. வருசா வருசம் பள்ளிக்கூடத்துக்குப் பணம் ஜாஸ்தி ஒதுக்குறோம்னு டி.வி.யில சொல்றாங்க. பணம் ஜாஸ்தி, வாத்தியார் கம்மி. உங்க பரசுராமன் அய்யாவை இதையெல்லாம் சட்டசபையில கேக்கச் சொல்லேன். சும்மா கைதட்டத்தானா போறாரு?

நீ வெச்ச பேருடா அவளுக்கு. நீ பாத்துக்க.

இப்படிக்கு உன் மேல பாசமும், உன் தலைமுடி மேல கவலையும் உள்ள மாமா,
வேடியப்பன்

*

சட்டமன்ற உறுப்பினர் விடுதி, சென்னை,
ஏப்ரல் 11

அன்புள்ள மாமாவுக்கு,

செழியன் எழுதுகிறேன். அக்காவுக்கு என் அன்பு. நீங்கள் சொன்னது சரிதான், கடிதத்தைப் பாதியில் வைக்க முடியவில்லை. அதனால்தான் இந்த சேதியையும் கடிதத்திலேயே சொல்கிறேன்.

பள்ளிக்கல்வி மானியக் கோரிக்கை விவாதத்தில் அய்யாவுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பேச்சை நான்தான் தயார் செய்தேன். எல்லாரும் கோடிக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். ஒதுக்கியது இவ்வளவு என்று இவர்கள், போதாது என்று அவர்கள். பாதிப் பேர் கேட்பதே இல்லை. அதனால் உங்கள் கடிதத்தை அய்யாவிடம் கொடுத்தேன். "ஒரு தகப்பன் எழுதுகிறார்" என்று அவர் தொடங்கியதும் அவையே அமைதியாகிவிட்டது மாமா. எட்டும் நாலும் பன்னிரண்டு என்ற இடத்தில் எதிரில் இருப்பவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அமைச்சரும் சிரித்தார். மறுநாள் பதிலுரையில், அந்தப் பள்ளியின் காலியிடம் நிரப்பப்படும் என்று சொன்னார். உங்கள் ஒரு கடிதம், மாமா!

பேரும் பள்ளியும் சொல்லாவிட்டால் கட்டுக்கதை என்பார்கள். அதனால் இனியா பேரையும் பள்ளியின் பேரையும் சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் பேரைச் சொல்லவில்லை.

அவைக்குறிப்பின் நகலில் அந்தப் பக்கத்தை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். இது அச்சாகி நூலகத்தில் இருக்கும். நூறு வருஷம் ஆனாலும் அழியாது. அக்காவிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
செழியன்

*

திருவண்ணாமலை,
ஏப்ரல் 29

மச்சானுக்கு,

கடுதாசி வந்துச்சு. பக்கமும் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே வீடியோ வந்துடுச்சு. ஸ்டாண்டுல சுப்பன் தன் செல்லுல போட்டுக் காட்டினான். எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க. பொய் சொல்ல மாட்டேன், மொத நாள் நானும் மீசையை முறுக்கினேன். நாலாங் கிளாஸ் எழுத்து சட்டசபை ஏறிடுச்சுன்னு சவாரி வந்தவங்களுக்கெல்லாம் சொன்னேன். மலையைச் சுத்த வந்த ஒருத்தர், "அப்ப அந்தப் படிக்கத் தெரியாத பொண்ணு உங்க பொண்ணா?"னு கேட்டாரு. அப்பதான் எனக்கு உறைச்சுது.

அப்புறம் ஆபீசருங்க வந்தாங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. கிளாஸ் வாசல்ல நின்னு, "இனியா யாரு?"ன்னாங்களாம். ஒருத்தர் படிக்கச் சொன்னாரு. ஒருத்தர் செல்லுல எடுத்தாரு. இன்னொருத்தர், "நல்லாதானே படிக்கிற, ஏன் எங்க மானத்தை வாங்கின?"ன்னாராம். ஹெட்மாஸ்டருக்கும் மேலேர்ந்து காகிதம் வந்துச்சாம். பாவம், அவரு நல்ல மனுசன், என்னைக் கூப்பிட்டு ஒண்ணும் சொல்லல. ரோட்டுல பாத்தா வண்டியைத் திருப்பிக்கிறாரு.

பசங்க இப்ப அவளைப் பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல. "சட்டசபை"ங்கிறாங்க. "சட்டசபை வருது, வழி விடுங்கடா"னு ஒருத்தன். நான் வீட்டுல, "இன்னாடி, சட்டசபைக்கே போயிட்டு வந்துட்ட, அப்பனுக்கு ஒரு மனு குடுக்க வழி உண்டா?"னு கேட்டுப் பாத்தேன். சிரிக்கல. தட்டை எடுத்துக்கினு உள்ள போயிட்டா.

பரீட்சை எழுதிட்டா. பாஸ்தான், எல்லாரும் பாஸ்தான்.

ஒண்ணு கேக்குறேன். சட்டசபையில யாராவது ஏடாகூடமா பேசிட்டா அதை நீக்கிடுறாங்கன்னு டி.வி.யில வருதே, அந்த மாதிரி பாப்பா பேரை மட்டும் எடுக்க முடியுமா? பேச்சு இருக்கட்டும். டீச்சர் வரட்டும். பேரு மட்டும்.

இப்படிக்கு,
மாமா வேடியப்பன்

*

சென்னை,
மே 16

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். இவ்வளவு ஆகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

அய்யாவிடம் சொன்னேன். அவரும் வருத்தப்பட்டார். அவரே மனு எழுதிக் கொடுத்தார், நான்தான் பேரவைச் செயலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவைக்கு ஒவ்வாத சொல்லைத்தான் நீக்க முடியும் என்றார்கள். ஒரு பிள்ளையின் பேர் அவைக்கு ஒவ்வாத சொல் இல்லையாம். இன்னொரு தடவை போய்க் கேட்டேன். அப்போது அங்கே இருந்த பெரியவர், "தம்பி, இதில் பேர் வர எத்தனையோ பேர் தவம் கிடக்கிறார்கள், நீ எடுக்கச் சொல்கிறாயே" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

நல்ல சேதி ஒன்று. சயின்ஸ் டீச்சருக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. ஜூனில் வந்துவிடுவார். அந்தப் பள்ளியில் இனிமேல் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அது இனியாவால்தான். இதை அவளிடம் சொல்லுங்கள்.

ஒன்பதாவதுக்கு டவுனில் பெரிய பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அங்கே யாருக்கும் தெரியாது. சேர்த்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
செழியன்

*

திருவண்ணாமலை,
ஜூன் 22

மச்சானுக்கு,

சயின்ஸ் டீச்சர் வந்துட்டாங்க. சரோஜானு பேரு. போளூர்லேர்ந்து பஸ்ல வர்றாங்க. ஸ்கூல் வரைக்கும் என் ஆட்டோவுலதான் ஏறுவாங்க. நல்லா சொல்லித் தர்றாங்களாம், பசங்க சொல்றாங்க. முட்டையைப் புளிச்ச காடியில போட்டு ஓடு கரையறதைக் காட்டினாங்களாம். போன வருசமே வந்திருந்தா பாப்பாவும் பாத்திருப்பா.

டவுன் ஸ்கூலுக்கு அவளைக் கூட்டிக்கினு போனேன். ஆபீஸ் ரூம்ல மாத்து சர்டிபிகேட்டைப் பாத்த கிளார்க், "ஓ, அந்த ஸ்கூலா. நீதானா அது?"ன்னாரு. கெட்ட எண்ணத்துல கேக்கல, சிரிச்சுக்கினுதான் கேட்டாரு. பாப்பா என் கையிலேர்ந்து சர்டிபிகேட்டை வாங்கிக்கினு வெளிய போய் ஆட்டோவுல உக்காந்துட்டா. சேக்காமலே வீட்டுக்கு வந்துட்டோம்.

இப்ப அவ அம்மாவோட கெஸ்ட் ஹவுஸுக்குப் போறா. ரூம் பெருக்குறா, பெட்ஷீட் மாத்துறா. அங்க வெள்ளைக்காரங்க பேசாம இருக்கக் கத்துக்கறாங்க. எங்க பாப்பா கத்துக்காமலே அதுல பாஸ்.

அந்தப் பக்கத்தைப் பத்தி உனக்குச் சொல்லணும். பீரோவுல துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். போன ஞாயித்துக்கிழமை துணி மடிக்கும்போது அவ கையில சிக்கிடுச்சு. உங்க அக்கா, "இன்னாடி காகிதம்?"னு கேட்டா. உங்க அக்காவுக்குத்தான் எழுத்து தெரியாதே. பாப்பா கதவாண்ட நின்னு படிச்சுக் காட்டினா.

முழுப் பக்கமும் படிச்சா மச்சான். ஒரு இடத்துல தடங்கல் இல்ல. "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே"லேர்ந்து ஆரம்பிச்சு. ஒதுக்கீடு, அடிப்படைத் திறன், அதெல்லாம் எனக்கு வாய்லயே வராது. "இனியா என்கின்ற எட்டாம் வகுப்பு மாணவியால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூட வாசிக்க இயலவில்லை"ன்னு, டி.வி. நியூஸ்ல படிக்கிற மாதிரி, ஏத்தம் இல்லாம இறக்கம் இல்லாம படிச்சா. உங்க அக்கா கையில இருந்த துணி அப்படியே இருக்குது.

நான் கேட்டேன், "இவ்ளோ படிக்கிறியே, அன்னிக்கு ஏன்டி நின்ன?"னு. "எவ்ளோ நேரத்துல படிக்கிறேன்னு அந்த ஆபீசர் சார் செல்லுல நொடி ஓடிச்சு, அதையே பாத்துட்டேன்"னா. அவ்ளோதான்.

அப்புறம் அவ ஒண்ணு கேட்டா. "அப்பா, எட்டும் நாலும் பன்னெண்டுனு இருக்குற வரிக்குப் பக்கத்துல அடைப்புக்குறி போட்டு 'சிரிப்பு'னு அடிச்சிருக்காங்க. இது யாரு சிரிச்சது?"

எல்லாரும்தாம்மான்னேன். எல்லாரும்னா யாருன்னா. எனக்குப் பேரு தெரியல மச்சான். ஒரு பேருதான் தெரியும். அது என் பேரு, அந்தக் கணக்கை உனக்கு எழுதும்போதே சிரிச்சவன் நான். அதை வீட்டுல சொன்னப்ப அவளும்தான் சிரிச்சா, அது உனக்கும் ஞாபகம் இருக்கும், நானே எழுதியிருந்தேன். அந்த சிரிப்பை யாரும் அடைப்புக்குறி போட்டு அடிக்கல.

உன் மேல கோவம் இல்ல. கோவம் வந்தா நல்லா இருக்கும்னு பாக்குறேன், வரல. டீச்சரை ஏத்திக்கினு போறப்பல்லாம் நல்லதுதானே நடந்திருக்குதுன்னு தோணுது. எறக்கி விட்டுட்டு வண்டியைத் திருப்பினா ஒண்ணும் தோணல.

மாமா

*

சென்னை,
ஜூலை 10

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். யாரிடமும் காட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அவள் பேரைச் சொல்லக் கொடுத்திருக்கக் கூடாது. உங்களைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு போன் போட்டிருந்தால் போதும். அன்றைக்கும் நான் மீட்டிங்கில்தான் இருந்தேன்.

அய்யா அடுத்த மாதம் திருவண்ணாமலை வருகிறார். அந்தப் பள்ளிக்கு வந்து, இனியாவை மேடைக்கு அழைத்து, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, எல்லார் வாயையும் அடைக்கலாம் என்கிறார். அவள் அவ்வளவு நன்றாக வாசிக்கிறாள் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன், அதனால்தான். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. ஊர் பார்த்துச் சிரித்ததை ஊர் பார்க்கவே மாற்ற வேண்டும் அல்லவா? வேண்டாம் என்றால் வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள்.

மாமா, வழக்கம்போல என்னைக் கிண்டல் செய்து இரண்டு வரி எழுதுங்கள். முடியைப் பற்றியாவது எழுதுங்கள். திட்டினாலும் சரி.

அன்புடன்,
செழியன்

*

திருவண்ணாமலை,
ஆகஸ்ட் 3

மதிப்பிற்குரிய திரு. செழியன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

இங்கு வெயில் குறைந்திருக்கிறது. இரண்டு நாளாக மாலையில் மழை பெய்கிறது. பௌர்ணமிக்கு வழக்கம்போல் கூட்டம் வரும் என்று எதிர்பார்க்கிறோம். தங்கள் அக்கா நலமாக இருக்கிறார். வேலைக்குச் சென்று வருகிறார். மகளும் உடன் சென்று வருகிறாள்.

பள்ளி விழாவிற்கு வர இயலவில்லை.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மு. வேடியப்பன்

பின்குறிப்பு: நான் எழுதியதை மகள் பார்த்துப் பிழை திருத்திக் கொடுத்தாள். வேண்டாதவற்றையும் நீக்கிவிட்டாள். இதை யார் வேண்டுமானாலும், எங்கு வேண்டுமானாலும் வாசிக்கலாம்.