முதல் பதினைந்து வினாடி

அயர்ன் க்ரீக், வட மிச்சிகன்
ஜனவரி 11

கர்ட்,

நீ அனுப்பிய விவாகரத்துப் பத்திரம் வந்து சேர்ந்தது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை, ஆகவே இனி கடிதம் மட்டும் என்று நாம் பேசி வைத்தபடி எழுதுகிறேன். கையெழுத்துப் போட எனக்கு இப்போது நேரமில்லை. சாக்கு என்று நினைக்காதே. போட்டி முடியும் வரை பொறு.

என்ன போட்டி என்கிறாயா? எங்கள் பள்ளியில் முதல் முறையாக ரோபோ அணி ஆரம்பித்திருக்கிறோம். யார் பொறுப்பு என்று தலைமையாசிரியை கேட்டபோது எல்லாரும் குனிந்து காலணியைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தேன். உயிரியல் வகுப்பில் தவளை அறுத்துக் காட்டுகிறவள் கையில் இப்போது நான்கு சக்கரம், நான்கு மோட்டார், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, ஆறு பிள்ளைகள்.

நேற்று 'முன்னே போ' என்று புரோகிராம் எழுதினோம். நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, வாலைத் துரத்தும் நாய் மாதிரி. புரோகிராம் எழுதுகிற பெண் ஐலி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ அங்கே ஓர் அணிக்கு இரண்டு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறாயாமே. ஏன் சுற்றுகிறது? அதை மட்டும் சொல்.

லினெட்

டெட்ராய்ட்
ஜனவரி 17

அன்புள்ள லினெட்,

அலுவலகத்தில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். எல்லாரும் சறுக்குகிற இடத்தில்தான் நீங்களும் சறுக்கியிருக்கிறீர்கள். இடது மோட்டாரும் வலது மோட்டாரும் எதிரெதிராகப் பார்த்தபடி மாட்டியிருக்கும். ஒன்றுக்கு முன்னே என்றால் மற்றதற்குப் பின்னே. ஒரு பக்கத்தைத் 'தலைகீழ்' என்று புரோகிராமில் சொல்லிவிடு. ஒரே வரிதான்.

ஓடவிடும் முன் ரோபோவைக் கட்டைகள் மேல் தூக்கி வையுங்கள். சக்கரம் தரையைத் தொடக் கூடாது. நிறுத்தும் பொத்தான் மேல் ஒரு விரல் எப்போதும் இருக்கட்டும். அப்புறம், ஆட்டத்தின் முதல் பதினைந்து வினாடி யாரும் ஓட்டக் கூடாது. ரோபோ தானாகவே நகர்ந்து வளையத்தைக் கம்பத்தில் போட வேண்டும். அது உங்களால் இந்த வருடம் ஆகாது. ஆகவே முழு புரோகிராமையும் நானே எழுதி இத்துடன் ஒரு பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன். எதையும் மாற்றாமல் அப்படியே ஏற்றிவிடு.

பத்திரத்துக்கு அவசரமில்லை.

கர்ட்

அயர்ன் க்ரீக்
ஜனவரி 26

கர்ட்,

பென் டிரைவைத் திருப்பி அனுப்புகிறேன். நான் கேட்டது ஒரு கேள்வி. நீ அனுப்பியது முழுப் பரீட்சைக்கும் விடை.

இருபது வருடமும் இதைத்தானே செய்தாய். நான் தட்டுத் தடுமாறி டைப் அடித்தால் பொறுக்காமல் கீபோர்டை உன் பக்கம் இழுத்துக்கொள்வாய். டெட்ராய்ட் வேலையையும் ஒத்துக்கொண்டு, அங்கே வீடும் பார்த்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாய். நான் வர மாட்டேன் என்றதும் பிடிவாதக்காரி என்று பட்டம் கட்டினாய்.

போகட்டும். ஆனால் கர்ட், அந்த ஒரு வரி! ஐலி அதை எழுதிவிட்டுப் பொத்தானைத் தட்டினாள். சாப்பாட்டுக் கூடத்தின் குறுக்கே ரோபோ நேராகப் போயிற்று. பன்னிரண்டு அடி, வெறும் பன்னிரண்டு அடி. பிள்ளைகள் போட்ட கூச்சலில் சமையல்காரம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். நான் அழுதுவிட்டேன். தவளைகள் என்னை ஒருநாளும் இப்படி அழவைத்ததில்லை.

இதற்கு மட்டும் நன்றி.

லினெட்

டெட்ராய்ட்
பிப்ரவரி 6

அன்புள்ள லினெட்,

பென் டிரைவ் திரும்பி வந்ததும் இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் என் அணிப் பிள்ளைகளிடம், "நான் உங்க கீபோர்டையும் பிடுங்கறேனா?" என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவன், "தினமும்தான் சார்" என்றான்.

மார்ச் போட்டிக்கு எங்கள் அணியும் உங்கள் பக்கம் வருகிறது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. கடைசி நாளில் முதல் எட்டு இடத்து அணிகள் தலைமை அணிகளாகி, எல்லார் முன்னாலும் கூட்டாளிகளை அழைக்கும். எட்டுக்குள் இருக்கும் இன்னோர் அணியைக்கூட அழைக்கலாம். அழைக்கப்பட்டவர்கள் சம்மதமா இல்லையா என்று மைக்கில் சொல்ல வேண்டும். மறுத்துவிட்டால் பிறகு வேறு யாரும் அவர்களை அழைக்க முடியாது; எட்டுக்குள் இருந்தால் மட்டும் தாங்களே தலைமை அணியாக ஆடலாம். உன் பிள்ளைகளை யாராவது அழைத்தால் ஒரு நொடியும் யோசிக்காமல் தலையாட்டச் சொல்.

இது அறிவுரை இல்லை, தகவல். சரி, அறிவுரைதான். பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

கர்ட்

அயர்ன் க்ரீக்
பிப்ரவரி 25

அன்புள்ள கர்ட்,

'தினமும்தான் சார்' என்ற பையனுக்கு என் சார்பில் ஒரு கேக் வாங்கிக் கொடு.

எங்களால் ஆகாது என்றாயே, கேள். ரோபோ தானாக எட்டடி போகிறது, இடது பக்கம் திரும்புகிறது, வளையத்தைக் கம்பத்தில் போடுகிறது. பத்துக்கு ஒன்பது முறை! சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் நாடா ஒட்டி, ஆட்டக் களத்தின் சிவப்பு, நீலப் பாதிகளில் சிவப்புப் பாதியை மட்டும் அளந்து வரைந்திருக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் அந்த நாடாவை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். ஐலி எழுதுவதில் பாதி எனக்கும் புரிகிறது. நாற்பத்தாறு வயதில் எனக்கு இப்படியொரு குஷி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

போட்டியில் பார்ப்போம். எங்களுக்குத் தயவு காட்டாதே.

லினெட்

டெட்ராய்ட்
மார்ச் 19

அன்புள்ள லினெட்,

பனிப்புயல் வருகிறதென்று உங்கள் பஸ் உடனே கிளம்பிவிட்டது. நேரில் சொல்ல நினைத்ததை எழுதுகிறேன்.

முதல் ஆட்டத்தில் உங்களுக்கு நீலப் பக்கம் விழுந்தது. ரோபோ எட்டடி போய், இடது பக்கம் திரும்பி, கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் முட்டியது. காரணம் எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. உங்கள் அணியின் மேசைக்கு வந்தேன். ஐலி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். "எந்தப் பக்கம் நின்னு சோதிச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். களத்தின் இரண்டு பாதியும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி; சிவப்பில் இடது என்றால் நீலத்தில் வலது. அவள் அதைத் திருத்தி முடிக்கப் பதினோரு நிமிடம். நான் செய்திருந்தால் இரண்டு. அந்த ஒன்பது நிமிடமும் என் உயிர் என்னிடம் இல்லை.

அதன்பின் ஐந்து வெற்றி. எட்டாம் இடம். முதலிடத்தில் நாங்கள். என் பிள்ளைகள் உங்களை அழைத்தார்கள். சத்தியமாக நான் தூண்டவில்லை. ஐலி மைக்கை வாங்கி, "ரொம்ப நன்றி. ஆனா எங்க கூட்டணிக்கு நாங்களே தலைமை தாங்கிக்கிறோம்" என்றாள். விதிப்படி முதலிடமும் எட்டாமிடமும் மோத, எங்களிடமே தோற்றீர்கள். அடுத்த ஆட்டத்திலும் தோற்று, இரண்டு தோல்வி என்ற கணக்கில் வெளியேறினீர்கள். ஆனால் ஜெயித்த எங்களைவிட அதிகமாகக் குதித்தது நீங்கள்தான்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. என் பிள்ளைகள் அழைத்ததால்தான் ஐலியால் மறுக்க முடிந்தது. டெட்ராய்ட் விஷயத்தில் உனக்கு மறுக்கக்கூட நான் இடம் கொடுக்கவில்லை. முடிவைத்தான் சொன்னேன். அது தப்பு, லினெட்.

இப்போது கேட்கிறேன். நான் அங்கே திரும்பி வரலாமா? வேலையை விடவில்லை, வீடும் பார்க்கவில்லை. உன் பதில் தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன். வேண்டாமென்றால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வருத்தப்படுவேன், கோபப்பட மாட்டேன்.

உன் கர்ட்

அயர்ன் க்ரீக்
மார்ச் 27

அன்புள்ள கர்ட்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ கையைப் பைக்குள் விட்டதை நானும் கவனித்தேன். பை கிழிந்துவிடுமோ என்று பயந்தேன்.

உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். மைக்கை வாங்குமுன் ஐலி என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'ஒத்துக்கோ' என்று கத்த எனக்கு வாய் வரை வந்துவிட்டது. முதலிடத்து அணி அழைக்கிறது, இந்தப் பெண்ணுக்கு என்ன யோசனை என்று தவித்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பஸ்ஸில் அவளிடம் பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயமாத்தான் இருந்துச்சு மிஸ். நீங்க ஒண்ணும் சொல்லலையே, சரி நம்ம இஷ்டம்னு நினைச்சேன்" என்றாள். பிடுங்குகிற கை உனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். எனக்கும் இருக்கிறது, கர்ட்.

வா. இரண்டு வருடமாக இந்த வீட்டில் ஒரு தட்டு மட்டும் கழுவிக் கழுவி எனக்கு அலுத்துவிட்டது. வேலையை என்ன செய்வது, எங்கே இருப்பது என்பதெல்லாம் இங்கே வந்து உட்கார்ந்து பேசுவோம். சண்டை வரும், வரட்டும். செவ்வாயும் வியாழனும் மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கு வந்தால் பிள்ளைகள் உன்னைக் கேள்வி கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். வரும்போது ஏரிகளுக்கு நடுவே உள்ள அந்த நீளப் பாலத்தில் காற்று பலமாக இருந்தால் அக்கரையில் தங்கிவிட்டு மறுநாள் கடந்து வா.

பத்திரத்தைக் கையெழுத்துப் போடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதையும் எடுத்துக்கொண்டு வா. கிழிப்பதென்றால் இரண்டு பேருமாகக் கிழிப்போம். நீயாகக் கிழித்துப் போட்டுவிட்டு, அப்புறம் வந்து என்னிடம் சொல்லாதே.

உன்
லினெட்