பெட்டி மூடியில் ஒரு பெயர்

முன்திர்,

ஸர்காவில் இருக்கும் அச்சகத்துக்குப் போகிறேன். பத்து மணிக்கு இயந்திரத்தை ஓட்டிவிடுவார்கள், அதற்குள் அந்த மிட்டாய்ப் பெட்டி அச்சை நிறுத்தியாக வேண்டும்.

"மிட்டாய் தீர்ந்ததும் அந்தப் பெட்டி எங்க போகும்? குப்பைக்குத்தானே? மூடியில அல்லாஹ் பேரை வரையும்போது இது தோணலையா, ரிஹாப்?" என்று நேற்று நீ கேட்டாய். எனக்குத் தோன்றவில்லை. வரையச் சொன்ன மிட்டாய்க் கடைக்காரருக்கும் தோன்றவில்லை. நீ சொன்னது சரி. அதைக் குழந்தை தீமாவின் முன்னால் கத்திச் சொன்னதுதான் சரியில்லை.

நோன்பு திறப்பதற்குள் நான் வராவிட்டால் பருப்பு சூப்பைச் சூடாக்கு. ருசி பார்க்காமல் செய்தது. உப்பு குறைந்தால் அதற்கும் திட்டாதே. பெருநாள் மஅமூல் பிஸ்கட்டுக்கான மாவை மூடியிருக்கும் ஈரத்துணியை எடுக்காதே. தீமாவின் பெருநாள் கவுன் விளிம்பில் குண்டூசிகள் இருக்கின்றன, அவள் போட்டுப் பார்க்கக் கூடாது.

மேசையில் உள்ள மூன்று மாதிரிப் பெட்டிகளையும் எறிந்துவிடாதே.

ரிஹாப்

கிளம்பும்போதுதான் பார்த்தேன்: மூன்று மூடியிலும் ஓட்டை. தீமா அந்தப் பெயரை மட்டும் கோணல்மாணலாகக் கத்தரித்து குர்ஆன் அலமாரியில் அடுக்கியிருக்கிறாள். "இனிமே பாபா உங்களைத் திட்ட மாட்டார்ல?" என்று கேட்கிறாள். பதிலை நீயே சொல்.