பனிமலையில் ஒரு தனி அறை

மஹய்யாவ,
கண்டி.
நவம்பர் 16

அன்புள்ள மதனிக்கு,

கண்டியிலிருந்து றமீலா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். நீயும் மெல்பனில் சுகமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை.

என்னடி இவள், இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறாளே என்று யோசிப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் அழுகிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன். இரண்டையும் உனக்குக் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

முதலில் பயண விஷயம். டிக்கட் போடுவது என் தொழில், அதில் நான் பிழை விடுவதில்லை. டில்லியில் நீ வந்து என்னோடும் நுஹாவோடும் சேர்கிறாய். அங்கிருந்து குலுவுக்குச் சின்ன விமானம். அதற்கு அப்பால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய ஜீப். கடைசித் துண்டுக்குப் பாதையே கிடையாது, கேபிள் காரில் ஏற வேண்டும். காற்றடித்தால் அதையும் நிறுத்திவிடுவார்களாம், அதனால் ஒரு நாளைக் கூடுதலாக வைத்திருக்கிறேன். நுஹா ஆண்களிடம் பழகக் கூச்சப்படுவாள் என்று, பனிச்சறுக்குச் சொல்லித்தர ஒரு பெண்ணையே கேட்டு எழுதினேன். கிடைத்துவிட்டாள். நுஹாவுக்கு ஹலால், உனக்கு மரக்கறி, எல்லாம் சொல்லியாயிற்று. எனக்கென்று எதுவும் சொல்லவில்லை. நான் எதையும் தின்பேன்.

நாற்பது வயதானதும் மூன்று பேரும் சேர்ந்து இமயமலையில் பனி பார்க்க வேண்டும் என்று, வகுப்பில் ஒரே வாங்கில் ஒட்டி உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்து வைத்தவள் நீதான். அதை நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. நுவரெலியாவுக்குப் போய் நடைபாதைக் கடையில் சிவப்பு ஜக்கெட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பனியில் சறுக்க முழங்கால் பலமாக இருக்க வேண்டும் என்று நீ சொன்னாய் என்பதற்காக, காலையில் பஹிரவகந்தை மலைக்கு ஏறி இறங்குகிறேன். அம்மா வாசலில் நின்று, 'கழுத கெட்டா குட்டிச் சுவரு, எம் மக கெட்டா பஹிரவகந்த' என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

இனி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் நீ கேட்டாய் என்றுதான் உன் அம்மாவைப் பார்க்கக் குண்டசாலைக்குப் போனேன். உன் தம்பிக்கு வேலை மாற்றம் கிடைத்து அம்மாவையும் இங்கே கூட்டிவந்த பிறகு, நான் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நீ இங்கே ஹொஸ்டலில் இருந்த காலத்தில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்ததால் அவர் ஒரு நாளும் வரவில்லையே. 'இருங்கோ பிள்ளை, இருங்கோ' என்று கதிரையை இழுத்துப் போட்டு, பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி தந்தார். பயணத்துக்குப் பயத்தம் பணியாரமும் பருத்தித்துறை வடையும் சுட்டுத் தாறன், நீங்கள்தான் என்ர பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடுக்க வேணும் என்றார். நல்ல மனுசி என்றுதான் நினைத்தேன்.

பேச்சோடு பேச்சாக உன் ஹொஸ்டல் காலம் வந்தது. அந்தச் சாப்பாடு இறங்காமல் நீ ஈர்க்குச்சியாய் மெலிந்து போனபோது, ஒரு கண்டிப் பிள்ளையின் தாய்தான் நாளும் சோறு கட்டி அனுப்பினாவாம். அந்த மனுசியை ஒருக்கால் கண்டு கும்பிட வேணும் என்றார். அது எங்க அம்மாதாங்க என்றேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிடித்த கையை விடாமலேதான் கேட்டார், நீங்கள் கண்டியில எவடம் பிள்ளை என்று.

அந்த 'எவடம்' எதற்கு என்று எனக்குத் தெரியாதா? இடத்தைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். யாராவது கேட்டால் கட்டுகாஸ்தோட்டை வீதி என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள் என்று அப்பா சின்னதிலேயே சொல்லித் தந்திருந்தார். அது பொய்யுமில்லை, எங்கள் லைனும் அந்த வீதியில்தான். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பவரிடம் எப்படி மறைப்பது? மஹய்யாவங்க என்றேன். அப்பாவுக்கு என்ன வேலை என்றார். முனிசிப்பல்ல என்றேன். முனிசிப்பல்ல என்னவாக என்றார். ரோட்டுக் கூட்டினாருங்க என்றேன். 'ஓ... ஓம், ஓம்' என்று சொல்லிவிட்டு, கையை எடுத்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

அடுத்த கிழமை பலகாரம் எடுக்கப் போனேன். பூப்போட்ட கோப்பைகள் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கியபடி இருந்தன. எனக்கு ஒரு சோடாப் போத்தல் வந்தது, வாயில் ஸ்ட்ரோவோடு. பலகாரத்தை மகன் நுஹாவிட்டக் குடுப்பார், உங்களுக்கு ஏன் பிள்ளை கரைச்சல் என்றார். வெயிலுக்குச் சோடா நல்லதுதானே என்று மண்டு மாதிரி உறிஞ்சிக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. 'ஸ்ட்ரோவும் போட்டா குடுத்தாங்க? அட பாவமே, இன்னுமா அது இருக்கு?' என்றார். நாங்கள் வாய் வைத்த கோப்பையில் பிறகு அவர்கள் குடிக்க வேண்டுமே, போத்தல் என்றால் கடைக்கே திரும்பிப் போய்விடும் என்று அம்மா விளக்கிய பிறகுதான் இந்த மரமண்டைக்கு ஏறியது. சிரித்து முடித்துவிட்டு அம்மா என்ன கேட்டார் தெரியுமா? 'அந்தப் புள்ள மதனி வேளைக்குச் சாப்பிடுதாமா?'

அதுவரைக்கும் உன்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பெற்றவர் செய்வதற்கு நீ என்ன செய்வாய் என்றுதான் இருந்தேன். மலையில் மூன்று பேருக்கும் ஒரே மரவீடுதான் போட்டிருந்தேன். போன ஞாயிறு நீ போன் எடுத்தாய். 'மூன்று கட்டில் போட்ட மரவீடு வேண்டாம், நானும் நுஹாவும் ஓர் அறை, உனக்கு ஒரு தனி அறை போடு, வேலை விஷயமாக உனக்கு நாள் முழுக்கப் போன் வரும்தானே' என்றாய். என் போனில் உனக்கு எவ்வளவு அக்கறை! உங்கம்மா சொன்னாங்களா என்று நேரே கேட்டேன். 'அம்மா ஒவ்வொரு நாளும் வீடியோவில எடுப்பா, ஒரே அறையில உன்னைக் கண்டால் கரைச்சல், அவவின்ர வயசுக்கு இனி மாத்தேலாதடி, நீதான் விளங்கிக்கொள்ளோணும்' என்றாய்.

நான் ஏன்டி விளங்கிக்கொள்ள வேண்டும்? உன் அம்மாவுக்காவது எங்களைத் தெரியாது. உனக்கு எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்து, எங்கள் பீங்கானில் போட்டுத் தின்று, கருவாட்டுக் குழம்புச் சட்டியை விரலால் வழித்து நக்கியவள் நீ. மரக்கறிக்காரி என்பதையும் அப்போதெல்லாம் மறந்துபோனாய். அப்பா கூட்டுமாறைச் சுவரில் சாத்திவிட்டு வந்து உனக்குத் தோடம்பழம் உரித்துத் தந்தார். அவர் செத்தபோது மெல்பனிலிருந்து போனில் அழுதாயே, அது யாருக்காக? சாதி பார்க்கிற உன் அம்மாவை என்னால் பொறுக்க முடிகிறது. பார்க்காதவள் என்று சொல்லிக்கொண்டு அறையை மட்டும் மாற்றச் சொல்கிற உன்னைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்று. அங்கே நீ போடப்போகிற சப்பாத்து, தலைக்கவசம், பனி உடுப்பு எல்லாம் வாடகைக்கு எடுப்பவை. ஊர் உலகமெல்லாம் போட்டு வியர்த்துக் கழற்றியவை. அதில் போன வாரம் யாருடைய கால் இருந்தது, அவர் எவடம், அப்பா என்ன வேலை என்று உங்கள் வீட்டில் யாரும் என்னிடம் விசாரிக்கவில்லை. அளவு மட்டும் சரியா என்று கேட்டாய்.

நுஹாவிடம் சொன்னேன். உன்னைப் போல அவள் யோசிக்கவில்லை. 'என்ன புள்ள இது பைத்தியக் கத? நான் ஒன்னோடதான். வேணுன்டா அவ தனியப் படுக்கட்டும்' என்றாள். உன் தம்பி கொண்டுவந்த பலகார டின்னையும், நீங்களே அனுப்பிக்கொள்ளுங்க என்று வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அது எனக்குக் கொஞ்சம் சந்தோசம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

ஆத்திரத்தில் முதலில் என் பெயரைத்தான் வெட்டப் போனேன். பிறகு நினைத்தேன், நான் ஏன் போகாமல் நிற்க வேண்டும்? என்ன குற்றம் செய்தேன்? எனவே, நீ கேட்டபடியே ஒரு தனி அறை போட்டிருக்கிறேன். உன் பெயரில். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், நாள் முழுக்க வெந்நீர் வரும். நல்ல அறை, குறை சொல்ல மாட்டாய். உன் அம்மாவுக்கு வீடியோவில் நான்கு சுவரையும் தாராளமாகக் காட்டலாம்.

மரவீட்டையும் விடவில்லை. நானும் நுஹாவும் அதில்தான். மூன்றாவது கட்டிலைக் கழற்றி எடுக்கட்டுமா என்று ஹோட்டல்காரர் கேட்டு எழுதியிருக்கிறார். நான் இன்னும் பதில் போடவில்லை.

என்ன போடட்டும் என்று நீ சொல். அந்தக் கட்டிலுக்கு வருவதென்றால், முதலில் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வா. றமீலாவோடுதான் படுப்பேன், அவள் வீட்டுச் சோறு தின்றுதான் நான் உயிரோடு வந்தேன் என்று உன் வாயால் சொல். வீடியோ வரும்போது என்னைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைக்கிற எண்ணம் இருந்தால், உன் அறைக்கே போய்ப் படுத்துக்கொள்.

காலுக்குக் கம்பளி மேஸ் இரண்டு சோடி எடுத்து வா. உனக்கு எப்போதும் கால்தான் முதலில் குளிரும். முதல் நாளே பெரிய சரிவுக்கு ஏறி வீரம் காட்டாதே. எங்கே இருந்தாலும் நல்லா இரு.

சோடாக் கதை மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். உன் போன் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இப்போதே உனக்குச் சீனிச் சம்பல் செய்ய வெங்காயம் வாங்கி வைத்துவிட்டார், ஹொஸ்டல் பிள்ளைக்குப் பிடிக்கும் என்று. வெங்காயத்தை உரிப்பதற்குள் அவரிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும். அதை என்னைச் சொல்ல வைக்காதே மதனி.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஒரே வாங்குக்காரி,
றமீலா