கலெக்டருக்குப் பதினாறாம் வாய்ப்பாடு

நவம்பர் 18, திங்கள்

காலையில் வாசல் கழுவி முடித்த கையோடு ஒரு வெள்ளைக் குதிரை என் வீட்டெதிரே வழுக்கி விழுந்தது. உறையூர் சேக் மைதீன் பாயுடையது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு மேளத்துக்கு ஆடுமாம். பெயர் கலெக்டர். என் கணவர் முப்பத்துநாலு வருஷம் உழைத்து டெபுடி கலெக்டராகத்தான் ஓய்வு பெற்றார்.

இடது முன்னங்கால் வீங்கிவிட்டது. தெருவே சாக்கடை மூடியைத் திட்டியது. நானும் சேர்ந்து திட்டினேன்.

இதில் மட்டும் எழுதுகிறேன். அங்கே இரண்டு வாளி சோப்புத் தண்ணீர் ஊற்றியவள் நான். ஒரு வாளியே அதிகம்.

நவம்பர் 19

கால்நடை டாக்டர் அறிவுமதி வந்தாள். என் பேத்தி வயது. மூன்று மாதம் ஓய்வு. ஓடக் கூடாது, ஆடக் கூடாது. பாயின் கொட்டகைக்கு அடுத்த வீட்டில் பேண்டு செட் ஒத்திகை நடக்கிறது. "மேளம் கேட்டா காலைத் தூக்கிடும்மா. பழகின பழக்கம்" என்றார் பாய். கார் ஷெட் பதினோரு வருஷமாகக் காலிதான், இங்கேயே இருக்கட்டும் என்றேன். என்ன பெரிய மனசு என்றார்கள் எல்லோரும். மறுக்காமல் கேட்டுக்கொண்டேன். வெட்கக்கேடு.

டாக்டர் சொன்னது: "குதிரைக்கு நம்ம மனசு தெரியும்மா. நீங்க பதறினா அதுவும் பதறும். பக்கத்துல இருக்கறவங்க சந்தோஷமா இருக்கணும்."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

நவம்பர் 20

காலை ஏழு முதல் ஏழே கால் வரை சந்தோஷம். ஷெட் கதவில் அட்டவணை ஒட்டியாகிவிட்டது.

அதன் முன் நின்று நன்றாகச் சிரித்தேன். காதைப் பின்னால் மடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. "பல்லைக் காட்டினா கடிக்க வர்றீங்கன்னு நினைச்சுக்கும்மா" என்றார் பாய்.

நாளை வாயை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டும்.

நவம்பர் 21

வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். ஜலதோஷமா என்று பாய் கேட்டார்.

டிசம்பர் 2

பள்ளித் தோழி ரங்கநாயகி போன் செய்தாள். பேத்திக்கு மார்ச்சில் கல்யாணம். வாழ்த்துக் கடிதம் அனுப்புகிறேன் என்றேன். "உன் கடிதத்துக்கா பந்தி போடப்போறேன்?" என்றாள். அவர் போனபின் நான் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. யாரும் முகம் சுளிப்பதற்கு முன்னால் நானே விலகிக்கொள்வது கௌரவம். அதில் மாற்றமில்லை.

டிசம்பர் 9

வீக்கம் வடியவில்லை. சந்தோஷம் இன்று மூன்று நிமிஷம்தான் தாங்கியது.

பாய் காலுக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டே சொன்னார்: "மாசியில ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டேன்மா. அதுக்குள்ள இவன் தேறலைன்னா, வெளியூர்ல ஒருத்தர் வாங்கிக்கறேங்கறார்."

"எதற்கு?"

"அதைக் கேக்காதீங்க."

இரண்டு வாளி. ரெண்டு வாளி எதுக்குடி ஊத்தினே? வாசல் பளபளன்னு இருந்தா யார் வந்து மெடல் குத்தப்போறா?

டிசம்பர் 14

மாடியில் குடியிருக்கும் ஸ்ரீரங்கராஜன் திருவெறும்பூர் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றதிலிருந்து மிருதங்கம் கற்கிறார். இன்று மாலை தொடங்கினார். கீழே கலெக்டர் காலைத் தூக்கிவிட்டது. அவர் வாசிப்புக்கு இதுவரை அசைந்த ஒரே ஜீவன்.

பயத்தில் எனக்கு ஸ்தோத்திரம் ஒன்றும் வாயில் வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டி நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் சிஸ்டர் பிலோமினா முன் நின்றதைப் போல, "சிக்ஸ்டீன் ஒன்ஸார் சிக்ஸ்டீன்" என்று ஆரம்பித்தேன். கலெக்டர் என்னைப் பார்த்தது. அறுபத்துநாலில் கால் கீழே வந்தது. நூற்றுப்பன்னிரண்டில் பெருமூச்சு விட்டது. அந்த இடத்தில் எனக்கும் அப்படித்தான். அடி வாங்கிய இடம்.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். "மாமி, குதிரை என் தாளத்துக்கா ஆடித்து?" அவர் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். மாசி வரை வாசிக்கக் கூடாது என்றதும் போய்விட்டது.

டிசம்பர் 31

கோயிலில் பகல் பத்து உற்சவம் தொடங்கிவிட்டது. ஸ்ரீரங்கமே மேளம். வாய்ப்பாடு நாற்பது தடவை. தொண்டை போனது, கால் தரையிலேயே இருந்தது.

ஜனவரி 12

வீக்கம் இல்லை. தினம் பத்து நிமிஷம் கையில் பிடித்து நடத்தலாம், ஆனால் மிக மிக மெதுவாக நடக்கிற ஆள் வேண்டும் என்றாள் டாக்டர். பாயும் ஸ்ரீரங்கராஜனும் ஒரே நேரத்தில் என் முழங்காலைப் பார்த்தார்கள்.

அவமானம். போனேன். அடிக்கு ஒரு வரி வாய்ப்பாடு. நடத்தை: கலெக்டர் பத்துக்கு எட்டு, நான் ஏழு.

ஜனவரி 24

இன்று ஏழு மணிச் சந்தோஷம் வரவே இல்லை. பாயிடம் சொல்லிவிட்டேன். சாக்கடை மூடி இல்லை, என் சோப்புத் தண்ணீர்.

"முத நாளே தெரியும்மா. குளம்புல நுரை இருந்துச்சு. எலுமிச்சை வாசம் வேற."

"பின்னே ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா முகத்தைத் தூக்கி வச்சுக்குவீங்க. டாக்டரம்மா சிரிச்ச முகமா இருக்கணும்னு சொன்னாங்கள்ல."

இரண்டு மாதம். என் சிரிப்பு ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டேதான் பார்த்திருக்கிறார்.

பிப்ரவரி 11

ஒத்திகை. பாய் இரண்டு மேளக்காரர்களைக் கூட்டி வந்தார். அடித்தார்கள். கலெக்டர் அட்டென்ஷனில் நின்றது. இன்னும் பலமாக அடித்தார்கள். நின்றுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. "சிக்ஸ்டீன் ஒன்ஸார்" என்றதும் ஓரடி வைத்தது.

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன். கால் சரியாயிடுத்து, பிழைப்பு போயிடுத்து.

"ஆட வேணாம்மா, நடந்தா போதும். நீங்க கூட வந்துடுங்க" என்றார் பாய்.

"கல்யாண ஊர்வலத்தில் நான் முன்னால் நடக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாதா, பாய்?"

"எனக்குத் தெரியும்மா. அதுக்குத் தெரியலையே."

பிப்ரவரி 15, சனி

பீரோவிலிருந்து அரக்குப் பட்டுப் புடவையை எடுத்திருக்கிறேன். பதினோரு வருஷ மடிப்பு; இஸ்திரிப் பெட்டி தோற்றது.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று மாலை, திருவெறும்பூர். மாப்பிள்ளை பெயர் அழகிரி. அவருடைய பெரியம்மா என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், "இவங்க எதுக்கு முன்னாடி..." என்று தொடங்கினாள். நான் கயிற்றை விட்டுவிட்டேன். கலெக்டர் நின்றது. மேளம், வெடி, தொழிற்சாலை நண்பர்களின் விசில், எதற்கும் அசையவில்லை.

மேலிருந்து அழகிரி சொன்னார்: "பெரியம்மா, மாமி போனா நான் மண்டபம் வரைக்கும் நடக்கணும். ஷூ புதுசு, இப்பவே கடிக்குது."

பெரியம்மா யோசித்தாள். பிறகு அவளே கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

அரை மணி நேரம் நடந்தோம். "என்ன மந்திரம் மாமி?" என்று பாதி வழியில் காதருகே கேட்டாள். பதினாறு செல்வம் சம்பந்தப்பட்டது என்றேன். பொய்தான். நடத்தை: நான் ஆறு. கலெக்டர் பத்து. கால் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. வெளியூர்க்காரருக்கு இல்லை என்று சொல்லியாயிற்று என்றார் பாய். சொல்லும்போது கலெக்டரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இன்று ஏழு மணிக்கு ஷெட் காலி. பழக்கத்தில் போய் நின்றேன். அட்டவணையைக் கிழிக்கவில்லை.

மாடியில் மிருதங்கம். வாசிக்கட்டும்.

மத்தியானம் ரங்கநாயகிக்குப் போன் செய்தேன். மார்ச்சில் கடிதம் வராது, நானே வருகிறேன். முன் வரிசையில் ஒரு நாற்காலி, வெளியே கலெக்டருக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர். அன்றைக்கு வாசலைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன்.