டைலரின் வேம்பும் என் வாயும்

மே 9, சனி

காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்தாயிற்று. கத்தரி. கடை திறக்க மனமில்லை. பாத்திரம் வாங்க எவன் வரப்போகிறான் இந்த வெயிலில்.

முதலில் அசிங்கத்தை எழுதிவிடுகிறேன். நேற்று கடையநல்லூரில் ஒரு ஜவுளிக்கடை ஆண்டு விழா. என் சிரிப்புப் பேச்சு முக்கால் மணி நேரம். நடுவில் கூட்டம் கொட்டாவி விட்டது. கையில் கிடைத்ததை எடுத்து வீசினேன். கிடைத்தது ஷரிபா.

"எங்க ஊர்ல ஒரு டைலரம்மா. வேப்பமரத்தைப் பேத்துக் கொண்டுபோய் நட்டாவ. மரத்துக்குக் காய்ச்சல்னு நெனச்சிட்டாவ போல. காலையில ஒரு கொடம், மத்தியானம் ஒரு கொடம், ராத்திரி படுக்கப்போகும்போது ஒரு கொடம். மாத்திரைதான் குடுக்கல. பாவம், மரம் நீச்சல் தெரியாம செத்துட்டு!"

விசில். பொன்னாடை. பிரியாணி.

உண்மை: மரம் இன்னும் சாகவில்லை. செத்தால் காரணம் தண்ணீர் இல்லை. நான்.

மே 10, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. எழுதினால் இறங்குமா பார்ப்போம்.

ஷரிபா பன்னிரண்டு வருஷமாக ஒரு வேம்பின் அடியில் தையல் மிஷின் போட்டிருந்தவள். போர்டு கிடையாது. "மரத்தடி டைலர்" என்றால் ஆட்டோக்காரன் நேரே கொண்டுவந்து இறக்குவான். இடத்துக்காரர் அங்கே காம்ப்ளக்ஸ் கட்டப்போகிறார். பிப்ரவரியிலேயே இவளைக் காலி செய்யச் சொல்லி, சுற்றித் தகரம் அடைத்துவிட்டார். மரத்துக்கு மட்டும் ஏப்ரல் கடைசி வரை தவணை. இவள் ஊருக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த துண்டு மனையில் ஒரு தகர ரூம் போட்டு உட்கார்ந்தாள். பொட்டல். நிழலுக்கு ஒரு கள்ளிச்செடி கூட இல்லை.

நான் ஒரு பட்டிமன்றத்தில் "மரத்தை வெட்டாதே, பெயர்த்து நடு!" என்று மேஜையைத் தட்டியிருந்தேன். அவள் முன்வரிசை. மறுநாள் கடை வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்கதான சொன்னிய. எப்படின்னு சொல்லுங்க."

எப்படி என்று எனக்கென்ன தெரியும். இளையரசனேந்தல் ஞானராஜ் சாருக்குப் போன் போட்டேன். தோட்டக்கலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் சொல்லச் சொல்ல பில் புக் பின்னால் எழுதினேன்:

தண்டிலிருந்து இரண்டரை அடி தள்ளி வட்டம். மார்ச் தொடக்கத்தில் கிழக்குப் பாதி தோண்டி வேரை வெட்டி, மட்கிய எரு கலந்து மூடு. நாலு வாரம் கழித்து மேற்குப் பாதி. வெட்டின முனையில் தாடி மாதிரி பொடிவேர் விடும். அது விட்ட பிறகே மரத்தைத் தூக்கு.

தண்டில் வடக்குப் பக்கம் சுண்ணாம்புப் பொட்டு. புது இடத்திலும் பொட்டு வடக்கே பார்க்கணும். இல்லையென்றால் நிழலில் இருந்த பட்டை தெற்கு வெயிலில் வெந்துபோகும்.

கிளை மூன்றில் இரண்டு பங்கு கழி. வெட்டுவாயில் சாணி. தண்டுக்கு ஈரச் சாக்கு. பழைய மண்மட்டத்துக்கு மேல் புதைக்காதே.

"மழை காலத்துல செய்யுத வேலைவே இது. கோடையில செய்யணும்னா அந்தப் பொடிவேர்தான் உயிரு. மறந்துராதீரும்" என்றார்.

இடத்துக்காரர் தந்த தகரக் கதவுச் சாவி என்னிடம். ஆள் பிடித்துத் தோண்டுவது என் பொறுப்பு. கிழக்குப் பாதி தோண்டியாயிற்று. மேற்குக்கு வரும்போது ராஜபாளையத்தில் ஒரு கூட்டம், தேனியில் ஒரு கூட்டம், கொழுந்தியா வீட்டுச் சடங்கு, அப்புறம் வெறும் சோம்பல். ஞா. சார் போனில் கேட்டார்: "மேக்கும் ஆச்சா?"

"ஆச்சு சார்."

இரண்டே வார்த்தை. அதில் ஒன்று சார்.

ஏப்ரல் 29 கிரேன் வந்தது. மேற்கு வேரெல்லாம் அன்றைக்குத்தான் ஜேசிபி வாயில் நறுக் நறுக்கென்று அறுந்தது. எனக்கு மட்டும் கேட்டது. ஷரிபா தன் மனையில் புதுக்குழிக்கு ஓலை விரித்துக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளை வருகிற வீடு மாதிரி.

மே 11, திங்கள்

போனேன். மிச்சம் விட்ட கிளையில் இலை பழுப்பு. தொட்டால் அப்பளம். மிஷின் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே. ஷரிபாவின் முகமும் நீலம்.

"அண்ணாச்சி, எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க. நான் தண்ணி கூட ஊத்திட்டேனா? மரம் மவுத்தாப் போயிருமா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொன்னது: "இருக்கலாம்."

ஆறு எழுத்து. திரும்பும் வழியில் எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து குற்ற உணர்ச்சியில் ஒரு கிலோ யூரியா வாங்கிப்போய் மரத்தடியில் போட்டுவிட்டு வந்தேன். நோயாளிக்கு ஆப்பிள் வாங்கிப் போகிற மாதிரி.

மே 13, புதன்

ஞா. சார் முழங்கால் வலியோடு பஸ்ஸில் வந்துவிட்டார். ஷரிபாதான் போன் போட்டிருக்கிறாள். நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை. "உயிரு இருக்கு." பிறகு மேற்குப் பக்கம் ஒரு கை மண்ணை விலக்கி, வேர் முனையைத் தடவிப் பார்த்தார். மொட்டை வெட்டு. தாடியும் இல்லை, மீசையும் இல்லை.

என்னைப் பார்த்தார். ஷரிபா டீ போடப் போயிருந்தாள்.

"இது எப்ப வெட்டுனது?"

"கிரேன் அன்னைக்கு."

"ஆச்சுன்னீரு."

"ஆமா சார்."

"மைக்கைப் பிடிச்சா மூணு ஊருக்குக் கேக்கு. மம்பட்டியப் பிடிக்க மட்டும் கை இல்லையோ?" கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "சரி, கிழக்கையாவது பாப்போமா?"

"வேண்டாம் சார். ஏற்கெனவே வாடிக் கிடக்கு. கிளறாண்டாம்."

"அதுவும் சரிதான்" என்றவர் மண்ணில் வெள்ளைக் குருணையைப் பார்த்துவிட்டார். "இது என்ன?"

"யூரியா."

"ஏன்வே, ஆபரேசன் முடிஞ்சு மயக்கத்துல கெடக்கவன் வாயில பரோட்டாவத் திணிப்பீரா?"

மேல்மண்ணோடு யூரியாவை நானே வழித்து எடுத்தேன். அவர் சொன்னது: மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஆழமாகத் தண்ணீர். உரம் கூடாது. மண் காயாமலிருக்க மூடாக்காக ஓலை. தெற்கே பச்சை வலை. ஐப்பசி வரை பிழைத்துக்கிடந்தால் பார்க்கலாம்.

ஷரிபா டீயோடு வந்து கேட்டாள்: "என்ன சார், என் தப்பா?"

ஞா. சார் டீயைக் குடித்தார். பதில் சொல்ல வேண்டியவன் இன்னொருவன் என்கிற மாதிரி நிதானமாகக் குடித்தார். அந்த இன்னொருவனும் டீயைக் குடித்தான்.

மே 16, சனி

பாக்கியத்திடம் சொன்னேன். முப்பது வருஷம் என் ஜோக்குகளைக் கேட்டும் குடும்பம் நடத்துகிறவள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "ஊருக்கெல்லாம் கதை சொல்லுதிய. அந்தப் பிள்ளைட்ட ஒரு வரி சொல்ல நாக்கு வரலியோ?"

போனேன். வழியெல்லாம் ஒத்திகை. அங்கே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க மூன்று பெண்கள். பேச்சாளன், முப்பத்தைந்து வருஷ மேடை அனுபவம், மூன்று பேர் கூட்டத்தைப் பார்த்துப் பயந்தேன்.

"என்ன அண்ணாச்சி?"

"ரெண்டு தலைகாணி உறை தைக்கணும்."

நாளை இரண்டு தலையணை உறை ரெடியாம்.

மே 20, புதன்

சொல்லிவிட்டேன். மத்தியானம். யாரும் இல்லை. தகரம் அனல் அடித்தது.

"தண்ணியால இல்லம்மா. ரெண்டு தவணையா தோண்டணும்னு சார் சொன்னாரு. கிழக்குப் பக்கம் தோண்டினேன். மேக்குப் பக்கம் தோண்டாமலே தோண்டினதாச் சொல்லிட்டேன்."

மிஷினை நிறுத்தினாள். ஊசியிலிருந்து நூலை உருவினாள். திரும்பக் கோத்தாள்.

"அப்ப நான் கொல்லலை."

"இல்ல."

"ரெண்டு வாரமா பாத்திக்கு முன்னால போய் நின்னு அழுதிருக்கேன் அண்ணாச்சி. கொடத்தைத் தூக்கவே பயமாயிட்டு."

நான் தார்ப்பாயின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடையநல்லூர் விழாவுக்கு எந்தங்கச்சி கூட நானும் வந்திருந்தேன்" என்றாள். "பொம்பளைய பக்கம் நாலாவது வரிசை. நீங்க சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். சிரிக்கலைன்னா நாந்தான்னு தெரிஞ்சுபோகும்லா."

தலையணை உறைக்கான காசை மிஷின் மேல் வைத்தேன்.

கிளம்பும்போது அவளே சொன்னாள்: "பாதியாவது தோண்டுனியள்லா. அதுல பொழச்சாலும் பொழச்சுக்கிடும். ஆனா ஒண்ணு. மேடையில போட்டதை மேடையிலதான் எடுக்கணும்."

ஜூன் 7, ஞாயிறு

திருவேங்கடத்துப் பக்கம் கோயில் கொடை. சொன்னேன். பெயர் சொல்லாமல் ஆனால் தெளிவாக: டைலரம்மா மேல் தப்பில்லை, பாதி தோண்டிவிட்டு முழுசு என்று பொய் சொன்னவன் நான். ஷரிபாவுக்கு அனுப்ப, பாக்கியம் போனில் வீடியோ பிடித்தாள்.

நான் கூனிக் குறுகச் சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கமிட்டித் தலைவர் காதில்: "அண்ணாச்சி, அந்தப் பாதித் தோண்டி கதை பிரமாதம். அடுத்த வருசமும் இதையே போடுங்க."

ஷரிபா பதில் அனுப்பினாள். "கேட்டேன் அண்ணாச்சி. சரியாப் போச்சு."

எனக்குச் சரியாகப் போகவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

மேகம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டது. காற்று மட்டும் மண்ணை வாரி இறைக்கிறது.

ஷரிபா போன். குரலே வேறு. "ஓடி வாங்க!"

போனேன். ஞா. சார் ஏற்கெனவே அங்கே. சாக்கைக் கிழித்துக்கொண்டு, தண்டில் சுண்டுவிரல் நீளத்துக்குச் செக்கச்செவேலென்று துளிர். ஒன்று, இரண்டு... ஏழு. ஏழும் கிழக்குப் பக்கம். மேற்கில் ஒன்றுகூட இல்லை.

"ஐப்பசி தாண்டட்டும், அப்பத்தான் நம்புவேன்" என்றார் சார். சொன்னாலும் முகத்தில் பல் தெரிந்தது. என் தோளில் தட்டினார். "ஆனா பாரும்வே, நீர் தோண்டுன பக்கம்தான் தளுத்திருக்கு. பொடிவேர் வேலை செய்யுது. அன்னைக்கு ரொம்பத்தான் ஏசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீரும்."

ஆடு வாய் வைக்காமல் இருக்க, ஷரிபா பச்சை வலையில் ஒரு துண்டு வெட்டித் துளிரைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். சுடிதாருக்கு அளவு கொடுக்க வந்த பெண்ணிடம் சொன்னாள்: "இந்தா நிக்காவள்லா, இந்த அண்ணாச்சி நின்னு தோண்டுன பக்கம். அதான் உசிரு பிடிச்சிருக்கு. அல்லா அவுகளுக்கு நல்லது செய்யணும்."

கும்பிட்டேன். டீ குடித்தேன். வந்துவிட்டேன்.

மே 10-ல் இங்கே எழுதியதும் பொய். கிழக்குப் பக்கமும் நான் தோண்டவில்லை, ஆளும் வைக்கவில்லை.