பெரட்டுக்கு வராத பேர்

ஊசிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
வட்டகொடை.
10.1.1954

கொழும்பு மாநகரமே எழுந்து நின்று வழிவிடும் என் மருமகன் சோலைமலைக்கு, ஊசிமலை வாலிபர் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆயுட்கால மானேசரும் உன் தாய்மாமனுமாகிய பழனியாண்டி எழுதுவது.

நான் மிகுந்த சுகம். என் சுகத்தைப் பார்த்து ஏங்கியே தோட்டத்து டாக்டர் ஐயா பாதி இளைத்துவிட்டார். லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரே ஒரு தொந்தரவு: ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. தினமும் இரண்டு ஆளுக்கு வடித்து மீதியைக் காக்கைகளுக்குப் போடுகிறேன். இந்த லயத்துக் காக்கைகள் இப்போது பறக்க மாட்டாமல் நடந்தே போய்வருகின்றன.

போன வருச ஆட்டத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் பூண்டுலோயாக்காரர்கள் நமக்குப் போட்டது பதினொரு கோல். அன்றைக்கு மேற்கே இறங்கிய சூரியன், நமக்காக வெட்கப்பட்டு மறுநாள் பத்து மணிவரை எழும்பவில்லை. ஆனால் இது புது வருசம். விடியற்காலையில் மைதானம் முழுக்க உறைபனி கிடக்க, அதன் மேலேயே பயிற்சி நடத்துகிறேன். மூக்கன் நேற்று ஒரு பந்தை உதைத்து, வழுக்கி, பந்துக்கு முன்னால் கோலுக்குள் போய்ச் சேர்ந்தான்.

பங்களாவில் துரை தூக்கிப்போட்ட படப்பத்திரிகை ஒன்று என் கைக்கு வந்தது. கனடா தேசத்தில் வெள்ளைக்காரர்கள் காலில் கத்தி கட்டிக்கொண்டு உறைந்த ஏரியில் தடியால் அடித்து விளையாடுகிறார்கள். கோல் காக்கிறவன் இரண்டு காலிலும் மெத்தையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அதைப் பார்த்ததும் எனக்கு மூளை பளிச்சிட்டது. கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை மடித்துத் தைத்து, உனக்கு இரண்டு முழங்கால் மெத்தை தயார் செய்துவிட்டேன். பங்குனியில் ஆட்டங்கள் சூடு பிடிக்கும். அதற்குள் வந்து சேர்.

உன் வரவுக்காக மைதானத்தின் புல்லைத் தடவிக்கொண்டிருக்கும்,
பழனியாண்டி,
மலைநாட்டு உதைபந்துச் சக்கரவர்த்தி.


மஃறூப் முதலாளி இரும்புக்கடை,
கொழும்பு.
28.1.1954

அன்புள்ள மாமாவுக்கு, சோலைமலை வணக்கம்.

கடிதம் கிடைத்தது. காக்கைகளுக்குச் சுகம் என்று தெரிந்து சந்தோசம். நீங்கள் ராத்திரிச் சோற்றைக் காலையில் சாப்பிடாமல் சுடச்சுட வடித்துச் சாப்பிடுங்கள். முதலாளி நல்லவர். கடைக்கு மேலே ஒரு அறையில் நான்கு பேர் படுக்கிறோம். இங்கே ஆணி, கம்பி, தாழ்ப்பாள் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. புழுக்கம் மட்டும் இன்னும் பழகவில்லை.

நான் வர மாட்டேன் மாமா. கோல் காக்கிற வேலையை விட்டுவிட்டேன்.

பதினொரு கோல் விட்டேன், மறுக்கவில்லை. லயத்தில் யார் சிரித்திருந்தாலும் இரண்டு நாளில் மறந்திருப்பேன். ஆனால் பதினோராவது கோல் விழுந்ததும் நீங்கள் மைதானத்துக்குள் வந்து, என் சட்டையைப் பிடித்து, இரண்டு தோட்டத்துச் சனமும் கேட்கச் சொன்னீர்கள்: "என் தங்கச்சி வயித்துல ஒரு கருங்கல்லு பொறந்திருந்தாக்கூட ரெண்டு கோலையாச்சும் மறிச்சிருக்குமேடா!"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அம்மா செத்து அப்போது எட்டு மாதம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சோலைமலை.


ஊசிமலைத் தோட்டம்,
21.2.1954

என் தங்கமான மருமகனுக்கு,

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஏதோ மை கொட்டியிருந்ததால் எனக்குச் சரியாகப் படிக்க முடியவில்லை. முதல் பக்கத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

செய்தி கேள். போன ஞாயிற்றுக்கிழமை நோட்டன் பிரிட்ஜ் அணியை நான்குக்குப் பூச்சியம் என்று வென்றோம்! செல்லசாமி உதைத்த ஒரு பந்து மேகத்துக்குள் போய், நாங்கள் எல்லாரும் தேநீர் குடித்து முடித்த பிறகு நனைந்துகொண்டு திரும்பி வந்து கோலில் விழுந்தது. எதிரணிக்காரன் ஒருவன் அங்கேயே முட்டி போட்டு, "அண்ணே, நம்மள உங்க தோட்டத்துலயே சேத்துக்கங்கண்ணே" என்று அழுதான்.

இப்போது உனக்கு ஒரு முக்கிய விசயம். கோப்பை ஆட்டத்தில், தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பேர் உள்ளவன்தான் இறங்கலாம் என்பது சட்டம். நாலைந்து கிழமை ஒருவன் வேலைக்கு வராவிட்டால் அவன் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் காம்பராவில் அவனுக்குள்ள இடமும் போகும். நீ போய் மூன்று மாதம். ஆனால் கவலைப்படாதே, உன் பேர் அங்கேயே இருக்கிறது! கிழமைக்கு நான்கு நாள் அது வேலைக்கும் போகிறது. காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கும்போது "சோலைமலை" என்று கூப்பிட்டால், கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு இளங்குரல் "ஓய்ங்க" என்கிறது. அந்த இளங்குரலுக்கு ஐம்பத்திரண்டு வயது. என் கவ்வாத்துக் கணக்கைப் பகல் பன்னிரண்டுக்கு முடித்துவிட்டு, உன் பேருக்குள்ள செடிகளைப் பிறகு வெட்டுகிறேன். முத்துலிங்கம் கணக்கப்பிள்ளை அந்த நேரம் பார்த்து மலை உச்சியில் அழகு தேடுகிறார். ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே: உன்னைவிட உன் பேர் நன்றாகக் கவ்வாத்து வெட்டுகிறது.

அது சாயங்காலம் என்னோடுதான் காம்பராவுக்கு வருகிறது. பேசத்தான் மாட்டேன் என்கிறது.

இரட்டை ஆள் பலமுள்ள,
பழனியாண்டி.


கொழும்பு.
14.3.1954

அன்புள்ள மாமாவுக்கு,

நான்குக்குப் பூச்சியம் என்று படித்துவிட்டுக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசைப் போட்டுவிட்டேன். முதலாளி, "என்ன தம்பி, கலியாணமா?" என்று கேட்டார். எங்கள் அணி வென்றுவிட்டது என்றேன். எங்கள் என்றுதான் வாயில் வந்தது. கோல் யார் காக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லையே?

எனக்காக நீங்கள் இரண்டு பேர் வேலை செய்வது வேண்டாம் மாமா. இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

இங்கேயும் ஒன்று நடந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு மைதானத்தில் முதலாளியின் மகன் ரிஸ்வி நானாவின் அணியினர் பயிற்சி எடுத்தார்கள். நானா என்றால் இவர்கள் பேச்சில் அண்ணன். நான் சும்மா வேடிக்கைதான் பார்த்தேன். ஒரு பந்து வெளியே பறந்து வந்தது. யோசிக்கும் முன்னே கை போய்ப் பிடித்துவிட்டது. ரிஸ்வி நானா ஓடி வந்து, "இவ்வளவு நாளும் எங்கடா ஒளிஞ்சிருந்த?" என்றார். பிறகு என்னைக் கோலில் நிறுத்தி இருபது பந்து அடித்தார்கள். மூன்றுதான் உள்ளே போனது.

அவர்கள் ஆடுவது ஒரு கம்பெனிக்காக. அணியில் எடுத்தால் பண்டகசாலையில் நிரந்தர வேலையும் உண்டு. விளையாட்டுக்காகவே ஒருவனுக்கு வேலை கொடுப்பார்கள் என்று நான் கேட்டதில்லை. ஆனால் பழைய வேலையிலிருந்து விலகியதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். தோட்டத்து ஆபீசில் என் பேரை வெட்டி, அதற்கான பற்றுச்சீட்டு வாங்கி அனுப்புவீர்களா மாமா? சித்திரைக்குள் கிடைத்தால் உதவி.

இப்படிக்கு,
சோலைமலை.


ஊசிமலைத் தோட்டம்,
11.4.1954

கடலையே வலைக்கு வெளியே நிறுத்தக்கூடிய மருமகனுக்கு,

இருபதில் மூன்றா? அந்த மூன்றும் நீ அவர்கள் மனம் நோகக்கூடாதென்று விட்டுக்கொடுத்ததாகத்தான் இருக்கும்.

நாங்கள் இதுவரை ஆறு ஆட்டம் வென்றுவிட்டோம். எங்களோடு மோதப் பயந்து ஒரு தோட்டத்தில் மைதானத்தையே உழுது கிழங்கு போட்டுவிட்டார்கள். கோல் காப்பது யார் என்று கேட்டாய். அவர் ஒரு பெரிய ஆட்டக்காரர். பெயர் சொல்லி விளம்பரம் தேடுவது அவருக்குப் பிடிக்காது.

பற்றுச்சீட்டு விசயத்தில் பல தடங்கல். துரை குதிரைப் பந்தயம் பார்க்க நுவரெலியா போய்விட்டார். பெரிய கிளாக்கருக்குக் காய்ச்சல். ஆபீஸ் அலுமாரிச் சாவியை மாடு விழுங்கிவிட்டதாகக் கேள்வி. மாட்டைச் சுற்றி இரண்டு பேர் காவல் நிற்கிறார்கள்.

சரி, பேரம் பேசுவோம். மே மாதம் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நம் மைதானத்தில், அதே பூண்டுலோயாக்காரர்களோடு கடைசி ஆட்டம். அந்த ஒரு நாள் நீ வந்து கோலில் நில். நின்றால் போதும். ஆட்டம் முடிந்ததும் என் கையாலேயே சீட்டைத் தருகிறேன். ரயிலில் வந்தால் வட்டகொடையில் நான் நிற்பேன். மேளம் வைப்பதா, யானை கொண்டுவருவதா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுது.

மாடு மேய்க்கும்,
பழனியாண்டி.


கொழும்பு.
27.4.1954

மாமாவுக்கு,

நேற்று செல்லசாமி கடைக்கு வந்தான். இந்தியா போகப் பாஸ்போர்ட் எடுக்கக் கொழும்பு வந்தவன், கேட்டுக் கேட்டு என்னைத் தேடி வந்திருக்கிறான். அணி ஆறு ஆட்டம் வென்றதுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவன் கிளாசைக் கீழே வைத்துவிட்டான்.

"எந்த அணிடா? அஞ்சு பேரு குடும்பத்தோட கப்பலேறிட்டாங்க. நான் ஆறாவது. எட்டுப் பேர வச்சுக்கிட்டு ஆடுறோம், ஒண்ணுகூடக் கெலிக்கல" என்றான். "கோல்ல யாரு?" என்றேன். "ஒங்க மாமாதான். ஒன் சட்டையப் போட்டுக்கிட்டு, முட்டியில படங்கக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. போன மாசம் பந்து நெஞ்சுல பட்டு விழுந்தாரு. மறுநாளு பெரட்டுல ரெண்டு பேருக்கும் 'ஓய்'ன்னாரு. வளைய முடியல, முட்டி போட்டே கவ்வாத்து வெட்டுறாரு."

ஏன் மாமா? தோற்றோம் என்று எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஆறு வெற்றியையும் ரிஸ்வி நானாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். நீங்கள் விலா வலியோடு படுத்திருந்தபோது நான் இங்கே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒன்பதாம் தேதி நான் வர முடியாது. அன்றைக்குத்தான் இங்கே எனக்குத் தேர்வு ஆட்டம். எடுத்தால் பதினைந்தாம் தேதிக்குள் சீட்டைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், என் பேரை வெட்டிவிடுங்கள். அதைச் சுமந்துகொண்டு நீங்கள் சாக வேண்டாம்.

இங்கே வந்துவிடுங்கள் மாமா. முதலாளியிடம் பேசிவிட்டேன். கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கிறது.

சோலைமலை.


ஊசிமலைத் தோட்டம்,
10.5.1954

சோலைமலைக்கு,

பற்றுச்சீட்டு இதனுடன் இருக்கிறது. துரை கையெழுத்தும் தோட்டத்து முத்திரையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள். ஆபீசில் கேட்டவுடனே கொடுத்தார்கள். முன்பே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள்.

சனிக்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை வழக்கம்போல உன் பேரைக் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். "அவரு போயிட்டாருங்க. பேர வெட்டிருங்க" என்றேன். அவர் பென்சிலை எடுத்தார். பக்கத்தில் நின்ற மூக்கன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நேற்று ஏழு பேர்தான் இறங்கினோம். ஐந்து கோல் விட்டேன். ஒன்றைப் பிடித்தேன். வேகமில்லாத பந்து அது. நாங்கள் ஒரு கோலும் போடவில்லை. அடுத்த வருசம் அணி இருக்காது.

உன் முதல் கடிதத்தில் மை கொட்டியிருக்கவில்லை. நான் படித்தேன், பலமுறை. அன்றைக்குச் சனம் முழுக்க நம்மைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக நின்றது. அவர்கள் சிரிக்கும் முன்னே நானே சிரிக்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு உன்னையும் என் தங்கச்சி அம்மாக்கண்ணுவையும் எடுத்துக்கொண்டேன். நான் செய்தது தப்பு. இதை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ துணிப்பையோடு நடையிறங்கியபோது உன் பின்னாலேயே பாதை முனைவரை வந்தேன். கூப்பிடத் தெரியவில்லை.

கொழும்புக்கு நான் வரவில்லை. கோபம் ஒன்றுமில்லை. கடையில் உட்கார்ந்தால் நான் யாரிடமாவது கதை விடுவேன், உனக்குத்தான் தலைகுனிவு. என் பேர் இங்கே இருக்கிறது, அது இருக்கும்வரை இருக்கிறேன். விலா வலி பரவாயில்லை. மூச்சு இழுத்தால் மட்டும் தெரிகிறது.

நீ தேர்வாகியிருப்பாய் என்றே நினைக்கிறேன். பெரிய மைதானத்தில் விளையாடு. கோல் விழுந்தால் விழுந்தது என்று எழுது.

இன்றைக்கு ஒரு பேருக்குத்தான் கவ்வாத்து வெட்டினேன். பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. கத்தியைக் கழுவினேன், தீட்டினேன், உறையில் போட்டேன். காம்பராவுக்கு வந்து இந்தக் கடிதத்தையும் எழுதிவிட்டேன். இன்னும் வெயில் போகவில்லை.

உன் மாமா,
பழனியாண்டி.