கியர் எண்ணெயில் பாதி

மார்ச் 14, வெள்ளி. குளுவாங்.

இன்று என் மனைவி மல்லிகாவின் காருக்குக் கியர் எண்ணெய் மாற்றினோம். ஒரு மாதமாகவே கியர் ஏறும்போது கார் குலுங்கியது. கியர்பாக்ஸ் போய்விட்டால் சரிசெய்யும் செலவு காரின் விலையைத் தாண்டும். விற்றுவிடுங்கள் என்று பிள்ளைகள் இப்போதே சொல்கிறார்கள். விற்றால், பாலோவில் படுத்த படுக்கையாக இருக்கும் தன் அக்காவைப் பார்க்கப் போக அவள் யாரையாவது கேட்க வேண்டும். மல்லிகா கேட்கமாட்டாள்.

பட்டறைக்காரர் குமார் அளவு பார்க்கும் கம்பியை உருவி, ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டு முகர்ந்தார். மல்லிகா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பழுப்பாயிருச்சு, ஆனா கருகின வாடை இல்ல ஆன்ட்டி. தப்பிச்சீங்க. நாப்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும்லா. இன்னிக்குப் பாதிதான் இறங்கும். ரெண்டு வாரம் ஓட்டிட்டு வாங்க, மறுபடி மாத்துவோம்.”

“பாதியா? கழுத்துக்குக் கீழ மட்டும் குளிக்கிற மாதிரியா தம்பி?”

“அலமாக்!” என்று குமார் சிரித்தார். “பழைய கியர்பாக்ஸ் ஆன்ட்டி, மொத்தமா அலசினா தாங்காது.”

திரும்பும்போது அவளே ஓட்டினாள். வானொலியை அணைத்துவிட்டாள். முதல் சமிக்ஞை விளக்கைத் தாண்டியதும் கார் லேசாக ஒரு முறை குலுங்கியது. அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

“இப்ப ஸ்மூத்தா இருக்குல்லங்க?” என்றாள்.

இரண்டு பேரிடம் விசாரிக்காமல் ஒரு வரிகூட எழுதாத நிருபன் நான்.

“பட்டு மாதிரி இருக்கு” என்றேன்.

நாளை காலை பாலோவுக்குத் தனியாகப் போகிறாள். நானும் வரட்டுமா என்று கேட்க நினைக்கிறேன். கேட்டால் பட்டு என்றது பொய் என்று கண்டுபிடித்துவிடுவாள்.